ஈ.ஆர்.பி.யா, பி.பி.எம்.மா: மதுரைப் பக்கத்துச் சிறுதொழில் நிறுவனம் எதை முதலில் வாங்க வேண்டும்?

கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டி தொழிற்பேட்டைகளில் ஆண்டுக்குப் பத்துக் கோடி, இருபது கோடி ரூபாய்க்கு விற்பனை செய்யும் நிறுவனங்களின் மேசைகளில் இப்போதெல்லாம் இரண்டு வகையான விலைப்புள்ளிகள் அருகருகே கிடக்கின்றன. ஒரு விற்பனையாளர் ஈ.ஆர்.பி. (நிறுவன வளத் திட்டமிடல்) மென்பொருளைக் காட்டிவிட்டுப் போகிறார், அடுத்த வாரம் பி.பி.எம். (வணிகச் செயல்முறை மேலாண்மை) மென்பொருளோடு வரும் இன்னொருவர், "இந்த அளவுத் தொழிலுக்கு ஈ.ஆர்.பி. எதற்கு சார், பி.பி.எம். போதும், பாதிச் செலவில் முடியும்" என்கிறார். இருவரும் மடிக்கணினியில் காட்டும் திரைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. கொள்முதல் கோரிக்கை, மேலாளரின் ஒப்புதல், கைப்பேசிக்கு வரும் அறிவிப்பு, வண்ண வரைபடம் என எல்லாம் இரண்டிலும் உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையாளருக்கு விலையைத் தவிர வேறு வேறுபாடு தெரியாமல் போவதில் வியப்பில்லை.

வேறுபாடு திரையில் தெரிவதில்லை. திரைக்குப் பின்னால் எது பாதுகாக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. கிலோவும் ரூபாயும் எப்போது பார்த்தாலும் சரியாக நிற்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது ஈ.ஆர்.பி. ஒரு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தேங்காமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது பி.பி.எம். ஆகவே, எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், நம் நிறுவனத்தில் பணம் எங்கே வீணாகிறது, அளவிலா அல்லது காத்திருப்பிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் செய்து விற்கும் நிறுவனம் என்றால் இருப்புக் கணக்கைச் சரிசெய்யாமல் பி.பி.எம். பக்கம் போகக் கூடாது. சேவை தரும் நிறுவனம் என்றால் பெரும்பாலும் ஈ.ஆர்.பி. தேவைப்படாது.

இரண்டும் வந்த வழி

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், செய்து முடிக்க வேண்டிய பொருள்களின் எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த மூலப்பொருள் எவ்வளவு எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கணினியில் சொல்லும் முறை உருவானது. ஜோசப் ஆர்லிக்கியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த மூலப்பொருள் தேவைத் திட்டமிடல்தான் ஈ.ஆர்.பி.யின் பாட்டன். 1980களில் இயந்திர நேரமும் ஆள் நேரமும் பணமும் அதில் சேர்ந்தன. கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு என அனைத்தும் ஒரே தரவுத்தளத்தில் அமர்ந்த வடிவத்துக்கு 1990-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் வைத்த பெயர்தான் இன்று நிலைத்திருக்கிறது. ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐவர் 1972-இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. இத்துறையின் பெரிய பெயர். சிறிய நிறுவனங்களின் கைக்கு எட்டும் தொலைவில் எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன், பெல்ஜியத்தின் ஓடூ, மும்பையில் எழுதப்பட்டுத் திறமூலமாகக் கிடைக்கும் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் முதலியவை இருக்கின்றன.

இதன் இயல்பை ஒரே ஒரு நிகழ்வில் பார்த்துவிடலாம். கோட்டயத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வந்த லாரி கேட்டுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பில்லில் 5,000 கிலோ. எடைச்சீட்டில் 4,960 கிலோ. ஸ்டோர் பொறுப்பாளர் சரக்கு வரவுச் சீட்டை 4,960 கிலோவுக்குப் பதிந்தவுடன் இருப்பு கூடுகிறது, ஆனால் தரப் பரிசோதனை முடியும்வரை அந்தச் சரக்கை உற்பத்திக்கு எடுக்க முடியாதபடி தனியாக நிற்கிறது. கணக்கர் 5,000 கிலோவுக்கான பில்லைப் பதிய முயலும்போது, கொள்முதல் ஆணை, வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று மென்பொருள் மறிக்கிறது. 40 கிலோவுக்கு டெபிட் நோட் (பில் தொகையில் குறைத்துக்கொள்ளும் சீட்டு) போட்ட பிறகே பணம் கொடுக்க வழிவிடுகிறது. ஒரு பதிவு, அதன் விளைவாக இருப்பிலும் கடனீந்தோர் கணக்கிலும் வரிக் கணக்கிலும் ஒரே நேரத்தில் நிகழும் மாற்றங்கள் ஆகியவற்றின் கட்டுக்கோப்புக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

பி.பி.எம். வேறு வழியில் வந்தது. ஒரு வேலை எந்தெந்த மேசைகளைக் கடக்கிறது, எங்கே பிரிகிறது, எங்கே நின்று காத்திருக்கிறது என்பதை முதலில் படமாக வரைய வேண்டும், பிறகு அந்தப் படத்தையே இயங்கும் மென்பொருளாக மாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படை. படம் வரைவதற்கென 2004-இல் வெளியான பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறை, 2011-இல் இரண்டாம் பதிப்பாக விரிந்து, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 19510 என்ற தரமாகவும் ஏற்கப்பட்டது. மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, மூலை வளைந்த செவ்வகம் ஒரு பணி, சாய்சதுரம் வழி பிரியும் இடம், நீளவாக்கில் ஓடும் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு துறை. அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் ஷிஃப்ட் சூப்பர்வைசர்கூடப் படித்துவிடுவார். பெகா, ஆப்பியன் போன்ற பெரியவை, பெர்லினின் காமுண்டா, சென்னையின் கிஸ்ஃப்ளோ எனத் தெரிவுகள் பல. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் கிரியேட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியை முழு பி.பி.எம். என்று சொல்ல முடியாவிட்டாலும், நம் அளவுக்குத் தேவையான ஒப்புதல் ஓட்டங்களை அதில் கட்டிக்கொள்ளலாம்.

ஒரே தொழிற்சாலை, இரண்டு நட்டங்கள்

மதுரையைச் சுற்றி ரப்பர் உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் நிறைய. பெரிய வாகன உதிரிபாக நிறுவனங்களுக்கும் டயர், பெல்ட் ஆலைகளுக்கும் அருகிலேயே வளர்ந்தவை அவை. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு மென்பொருள்களின் எல்லையும் நன்றாகத் தெரியும்.

மிக்சிங் மில்லில் தொடங்குவோம். காம்பவுண்டின் கலவை விகிதம் எப்போதும் நூறு பங்கு ரப்பருக்கு இத்தனை பங்கு என்றுதான் எழுதப்படும்: ரப்பர் 100, கார்பன் பிளாக் 50, துத்தநாக ஆக்சைடு 5, ஸ்டியரிக் அமிலம் 2, கந்தகம் 2, ஆக்சிலரேட்டர் 1 என்றால் மொத்தம் 160 பங்கு. இந்தக் காம்பவுண்டில் 30 கிராம் எடையுள்ள புஷ் (அதிர்வு தாங்கும் உருளை வடிவ ரப்பர் பாகம்) ஒன்றைச் செய்வதற்கு அச்சில் 34 கிராம் போட வேண்டியிருக்கிறது. மீதி 4 கிராம் பிளாஷாக ஓரத்தில் பிதுங்கி, வெட்டி எறியப்படுகிறது. வெந்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது என்பதால் அந்த 4 கிராமும் போனது போனதுதான். நூற்றுக்கு மூன்று ரிஜெக்ஷன் என்று வைத்துக்கொண்டால், 10,000 நல்ல புஷ்களை அனுப்புவதற்கு 10,310 புஷ்களை அச்சிட வேண்டும். அதற்கு 350 கிலோவுக்குச் சற்று மேல் காம்பவுண்ட் வேண்டும். முடிந்த பொருளின் எடையை மட்டும் பெருக்கி 300 கிலோ என்று விலை போட்டுக்கொடுத்தவருக்கு, ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் 50 கிலோ காம்பவுண்ட் கையைவிட்டுப் போகிறது. மார்ச் மாதக் கடைசியில் இருப்பெடுக்கும்போதுதான் அது வெளியே வரும். அப்போது எந்தப் பொருளில், எந்த அச்சில், எந்த ஷிஃப்டில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த நட்டத்தைப் பிடிப்பது ஈ.ஆர்.பி.யின் வேலை. பொருள் பட்டியலில் 34 கிராம் என்று எழுதி, ரிஜெக்ஷன் விகிதத்தையும் சேர்த்து, ஒவ்வொரு பேட்ச் கார்டும் (ஒரு தொகுதி உற்பத்தியின் பதிவுச் சீட்டு) முடியும்போது திட்டமிட்டதற்கும் செலவானதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினால் போதும். இரண்டே மாதங்களில் எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். எந்த பேட்ச் காம்பவுண்ட் எந்த வாடிக்கையாளருக்குப் போனது என்ற தடமும் இதோடு கிடைக்கும். வாகன உதிரிபாகத் துறையில் ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற தரச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தடம் கட்டாயத் தேவை.

இனி அதே நிறுவனத்தின் அலுவலக அறைக்கு வருவோம். வாடிக்கையாளர் ஒரு புதிய பாகத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறார். விற்பனைப் பிரிவு அதைப் பார்த்து, விலை கணக்கிடுபவருக்கு அனுப்புகிறது. அவர் காம்பவுண்ட் எது என்று தெரியாமல் ஆய்வகத்தைக் கேட்கிறார். ஆய்வகத்தில் இருப்பவர் விடுப்பில் இருக்கிறார். விலை ஒப்புக்கொள்ளப்பட்டால் அச்சு செய்பவருக்கு ஆணை, மாதிரி, அளவுச் சோதனை, பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் பாகத்துக்கு ஒப்புதல் பெறும் நடைமுறை) ஆவணங்கள், வாடிக்கையாளரின் ஒப்புதல் என்று வரிசை நீள்கிறது. இதில் யாரும் உண்மையில் வேலை செய்யும் நேரத்தைக் கூட்டினால் சில நாள்கள்தான் வரும். மற்றதெல்லாம் யாரோ ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கிடக்கும் நேரம். புகார்களுக்கும் இதே கதை. உள்விட்டம் கூடியிருக்கிறது என்று புகைப்படத்தோடு வந்த புகார் விற்பனை மேலாளரின் கைப்பேசியிலேயே தங்கிவிட, எயிட்-டி அறிக்கைக்கான (புகாரின் காரணத்தையும் தீர்வையும் எட்டுக் கட்டங்களில் எழுதித் தருவது) கெடு முடிந்த பிறகுதான் தரப்பிரிவுக்கு விஷயம் எட்டுகிறது.

இந்தக் காத்திருப்பு எதுவும் ஈ.ஆர்.பி.யின் கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் ஆணை பதிவாகும்வரை அதில் ஆவணமே இல்லை. கிலோவும் நகரவில்லை, ரூபாயும் நகரவில்லை. பி.பி.எம். இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. புகார் பதிவானவுடன் தரப்பிரிவின் பட்டியலில் அது தோன்றும். 24 மணி நேரத்தில் தொடாவிட்டால் ஆலை மேலாளருக்குப் போகும். முதற்கட்டத் தடுப்பு நடவடிக்கையை எழுதாமல் அடுத்த கட்டத்துக்கு நகர விடாது. மாதக் கடைசியில் எந்தக் கட்டத்தில் சராசரியாக எத்தனை நாள் தேங்குகிறது என்றும் காட்டும். காரணம் ஆள் பற்றாக்குறையா, கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருவரே என்பதா என்று அப்போது பேச முடியும். (பெரும்பாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் ஒருவரே என்பதுதான், அந்த ஒருவர் பெரும்பாலும் உரிமையாளர்தான்.)

ஆக இரண்டும் தேவை என்று தோன்றலாம். தேவைதான், ஆனால் வரிசை முக்கியம். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்: ஸ்டோரில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதே நம்பும்படி இல்லாத இடத்தில் ஒப்புதல் ஓட்டத்தை மட்டும் வேகப்படுத்தினால், தவறான எண்களை ஐந்து பேர் முறையாக ஒப்புதல் அளித்து வேகமாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று மற்றதன் வேலையைச் செய்யும்போது

விற்பனையாளர்கள் இருவரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஈ.ஆர்.பி. எதுவாக இருந்தாலும் இன்று எளிய ஒப்புதல் ஓட்டம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது; ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதல் ஆணை உரிமையாளரின் ஒப்புதலுக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தனியாக பி.பி.எம். வாங்குவது வீண். அதேபோல் பி.பி.எம். கருவிகளிலும் அட்டவணை அமைத்து, இருப்பைக் கூட்டிக் கழிக்க முடியும். அங்கேதான் ஆபத்து. கூட்டல் கழித்தலோடு இருப்புக் கணக்கு முடிவதில்லை. போன மாதத் தேதியிட்டு இன்று ஒரு பதிவு வந்தால் அதற்குப் பிந்தைய விலைகளையெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும்; இல்லாத சரக்கை எடுக்க முயன்றால் மறிக்க வேண்டும்; ரத்து செய்யும்போது பழைய பதிவை அழிக்காமல் எதிர்ப் பதிவு போட வேண்டும். பல பத்தாண்டுகளாக ஈ.ஆர்.பி.க்காரர்கள் அடிபட்டுக் கற்ற இவற்றை, இரண்டு மாதத்தில் ஒரு இளைஞரை வைத்துக் கட்டிவிடலாம் என்பது பேராசை. அந்த இளைஞர் வேறு வேலை கிடைத்துப் போன பிறகு அதைத் தொட ஆள் இருக்காது.

எதிர்த்திசையில் நடக்கும் தவறு இதைவிடச் செலவு பிடித்தது. ஈ.ஆர்.பி.யை நம் பழக்கத்துக்கு ஏற்ப வளைத்து வளைத்து எழுதச் சொல்வது அது. ஜெர்மனியின் லிடில் பேரங்காடி நிறுவனம் 2011-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. திட்டத்தை, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பின்னர், 2018-இல் கைவிட்டது. அந்த மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும் வழக்கத்தோடு வந்தது. லிடில் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுப் பழகியது. பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை மாற்றச் சொன்னதும் அத்திட்டம் சிக்கலானதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அவ்வளவு பணம் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை. நம் ஊரில் இதன் சிறு உருவம், ஒவ்வொரு பில்லிலும் பழைய அச்சுப் படிவம் அப்படியே வர வேண்டும், பழைய பதிவேட்டின் வரிசை மாறக் கூடாது என்ற பிடிவாதம். அடுத்த பதிப்பு வரும்போது அத்தனை மாற்றங்களையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பயந்து பதிப்பை மாற்றாமலே விடுவார்கள், ஜி.எஸ்.டி. விதி ஒன்று மாறும்போது மாட்டிக்கொள்வார்கள்.

பி.பி.எம்.முக்கு உற்பத்தி நிறுவனத்தில் உள்ள சரியான இடம் இதிலிருந்தே கிடைக்கிறது. ஈ.ஆர்.பி.யை வந்தபடியே விட்டுவிட்டு, நமக்கே உரிய விதிவிலக்குகளையும் சிறப்பு ஒப்புதல்களையும் அதற்கு வெளியே ஒரு ஓட்டமாக வைத்துக்கொண்டு, முடிவானதை மட்டும் ஏ.பி.ஐ. (இரண்டு மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் இணைப்பு) வழியாக உள்ளே பதிய விடுவது. விலை பேசுதல் வெளியே நடக்கட்டும். ஒப்புக்கொண்ட விலை உள்ளே போகட்டும்.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது

ஜி.எஸ்.டி.யில் மின்னணு விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்பனை உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2025 ஏப்ரல் முதல் பில் தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் அதை அதற்கான அரசுத் தளத்தில் ஏற்றியாக வேண்டும். இது முழுக்கக் கணக்கு மென்பொருள் அல்லது ஈ.ஆர்.பி. சார்ந்த வேலை. கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவர்கள் 2023 ஏப்ரல் முதல், பதிவுகளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும்; கூட்டாண்மை நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை என்றாலும் அவர்களுக்கும் அது நல்லதுதான். ஜாப் ஒர்க்குக்கு (வெளிப் பட்டறையில் கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு) அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும் என்ற ஜி.எஸ்.டி. விதிக்கு, எந்தச் சலானில் எத்தனை போனது, எத்தனை வந்தது, எத்தனை அங்கேயே கழிவானது என்ற கணக்கு வேண்டும். ரப்பரோடு ஒட்டும் இரும்பு வளையத்தை லேத் பட்டறையில் கொடுத்து வாங்குபவர்களுக்கு இதன் வலி தெரியும். இதுவும் ஈ.ஆர்.பி. பக்கம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த பில்லுக்கு எத்தனை நாளாயிற்று என்பதை ஈ.ஆர்.பி. காட்டிவிடும். ஆனால் அந்த பில் ஸ்டோர் மேசையில் இருபது நாள் கிடந்துவிட்டுத்தான் கணக்குப் பிரிவுக்கு வருகிறது என்றால், ஈ.ஆர்.பி. அதை அறியும்போதே கெடுவில் பாதி போயிருக்கும். பில்லை வாங்கிய கேட்டிலேயே படம் எடுத்து ஓட்டத்தில் போடுவது இங்கே எளிய மருந்து.

டாலியை என்ன செய்வது

நடைமுறையில் யாரும் வெற்று இடத்திலிருந்து தொடங்குவதில்லை. 1986-இல் பெங்களூரில் தொடங்கிய கணக்கு மென்பொருளான டாலி ஏற்கெனவே இருக்கிறது, கணக்கருக்கும் ஆடிட்டருக்கும் அதுதான் கைவந்தது. டாலியில் இருப்பு உண்டு, பொருள் பட்டியல் உண்டு, ஜாப் ஒர்க்கும் உண்டு. அச்சு, இயந்திர நேரம், தரப் பரிசோதனை என்று போகும்போதுதான் அதன் கை குறுகுகிறது. எனவே உண்மையான தெரிவு மூன்று: டாலியோடு ஒரு சிறிய பி.பி.எம்., டாலியை விட்டுச் சிறிய ஈ.ஆர்.பி., அல்லது ஈ.ஆர்.பி.யும் பி.பி.எம்.மும் சேர்த்து.

ஒரே வகைப் பொருள், ஐம்பதுக்குள் அடங்கும் உருப்படிகள், உற்பத்தி ஒரே கட்டம் என்றால் முதலாவது போதும். கலவை, அச்சு, வெட்டுதல், ஒட்டுதல், வெளி வேலை என்று நான்கைந்து கட்டங்களும் நூற்றுக்கணக்கான உருப்படிகளும் உள்ள ரப்பர் நிறுவனத்துக்கு இரண்டாவதே சரி. எக்செல்லில் தனியாக உற்பத்திக் கணக்கு ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது என்றால் டாலியின் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள். மூன்றாவதை இரண்டாவது நிலைபெற்று ஓர் இருப்பெடுப்பில் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போன பிறகு யோசிக்கலாம்.

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. மாட்டுத்தாவணியில் மணிக்கு மணி விலை மாறும் மல்லிகைக்கும் அப்படியே. சுங்குடிச் சேலைக்காரர்கள் துணியை வீடுகளுக்குக் கொடுத்து முடிச்சுப் போட்டு வாங்குவதால் அவர்களுடைய சிக்கல் முழுக்க ஜாப் ஒர்க் கணக்கு. யாரிடம் எத்தனை துணி இருக்கிறது என்பதை டாலியிலேயே ஒழுங்காக வைக்கலாம்.

மருத்துவமனை, கல்லூரி, நிதி நிறுவனம், ஒப்பந்ததாரர் ஆகியோரிடம் நகர்வது பெரும்பாலும் சரக்கல்ல, ஆளும் தாளும்தான். கடன் விண்ணப்பம், சேர்க்கை, காப்பீட்டு முன்னனுமதி போன்றவற்றில் நாள்கள் போவது மேசைகளுக்கு இடையில்தான் என்பதால் அவர்கள் பி.பி.எம்.மில் தொடங்கலாம். ஆனால் மதுரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்து தொடர்வார். உலகமே வந்து படித்துவிட்டுப் போன அந்த ஓட்டம் மேசை, ஆள், வரிசை ஆகியவற்றை மாற்றி அமைத்ததால் வந்தது. எந்த மென்பொருளின் வரவுக்காகவும் அது காத்திருக்கவில்லை. பி.பி.எம். வாங்குவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் இப்போதைய ஓட்டத்தை வரைந்து பார்த்தால், ஏழு கையெழுத்துகளில் நான்கு எதற்கென்று யாருக்கும் தெரியாது என்பது பல இடங்களில் வெளிப்படும். அவற்றை நீக்குவதற்குச் செலவே இல்லை.

செலவு, ஆள், நாள்

திறமூல ஈ.ஆர்.பி.க்கு உரிமக் கட்டணம் இல்லை. சர்வர், பழைய கணக்கை மாற்றுதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. இலவசம் என்பது என்றென்றைக்குமானது என்றும் நினைக்கக் கூடாது: காமுண்டாவின் ஏழாம் பதிப்பின் இலவசச் சமூக வெளியீடு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கும் மென்பொருள்களில், பலரும் கணக்கில் எடுக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. ஈ.ஆர்.பி.யில் ஸ்டோர், கொள்முதல், உற்பத்தி, கணக்கு எனப் பத்துப் பன்னிரண்டு பேர் நுழைந்தால் வேலை நடக்கும். பி.பி.எம்.மிலோ ஓட்டத்தில் கைவைக்கும் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். மலிவாகத் தெரிந்த விலை நாற்பது பேரால் பெருக்கப்படும்போது மலிவாக இருப்பதில்லை. மூன்று பேர் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்து சமாளித்தால், யார் ஒப்புதல் தந்தார் என்ற தடமே பொய்யாகிவிடும்.

இயந்திரத்தடியில் பதிவு செய்வது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பிரஸ்ஸில் நிற்பவரின் விரல்களில் கார்பன் பிளாக் ஒட்டியிருக்கும். அவர் தொட்ட விசைப்பலகை ஒரு மாதம் தாங்காது. பேட்ச் கார்டைக் காகிதமாகவே விட்டு, ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் பதிவது பல இடங்களில் நன்றாக நடக்கிறது. திரையில் தமிழ் வருமா என்று கேட்பதோடு நில்லாமல், தமிழில் பொருள் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தொடங்கும் நாளைப் பொறுத்தவரை கணக்கர்கள் ஏப்ரல் 1-ஐத்தான் சொல்வார்கள். முடிவிருப்பு கையில் இருக்கும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் மதுரையில் அடுத்த சில வாரங்களில் சித்திரைத் திருவிழா வந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் பாதி ஆள் வேலைக்கு வராத தொழிற்சாலையில், புதிய மென்பொருளின் முதல் தடுமாற்றங்களைச் சரிசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள். விற்பனை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-இல் பட்ட பாடு சான்று: 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட புதிய அமைப்பை ஹாலோவீன் விற்பனைக்குச் சற்று முன்னால் தொடங்கி, கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆணைகளை அனுப்ப முடியாமல் போயிற்று. ஜூலை 1-இல், முதல் காலாண்டுக் கணக்கை முடித்துவிட்டுத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆடி பிறப்பதற்கும் முன்னால் என்பதால் வீட்டுப் பெரியவர்களின் ஆட்சேபமும் இருக்காது.

முடிவெடுப்பதற்கு முன் விற்பனையாளர்களின் மாதிரித் தரவில் காட்டப்படும் எதையும் நம்ப வேண்டியதில்லை. ஈ.ஆர்.பி.க்காரரிடம் போன மாதத்தின் உண்மையான ஒரு பேட்ச் கார்டைக் கொடுத்து, மூலப்பொருள் வரவிலிருந்து மின்னணு விலைப்பட்டியல் வரை, நடுவில் ஒரு ரிஜெக்ஷனும் ஒரு ஜாப் ஒர்க் சலானும் சேர்த்து, நம் கண் முன்னால் பதியச் சொல்ல வேண்டும். பி.பி.எம்.காரரிடம் போன ஆண்டு தாமதமான ஒரு புகாரின் மின்னஞ்சல்களைக் கொடுத்து, அது எங்கே தேங்கியிருக்காது என்று காட்டச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில், விலகும் நாளில் நம்முடைய இருப்பு, கணக்கு, ஓட்டப் படம், இணைப்புக் கோப்புகள் அனைத்தையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்பது எழுத்தில் வர வேண்டும். நமக்காக எழுதப்பட்ட நிரல் யாருக்குச் சொந்தம் என்பதும். இந்த இரண்டு வரிகளை எழுதித் தரத் தயங்குபவரின் விலைப்புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடலாம்.